214-ஆம் எண் சுவர்

எங்கள் ஊருக்கு வடக்கே கடற்கரை மேட்டில் இப்போது குழி வெட்டிப் பார்க்கிறார்கள். பழங்காலத்துப் பானையும் செங்கல்லும் கிடைக்கிறதாம். வளைகுடாவில் இதே வேலையைப் பல வருஷம் செய்தவன் நான் என்று யாரோ சொல்ல, அங்கே வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரு நாள் வந்து பேசுங்கள் என்றார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அவர்கள் வேலையைத் தூரத்தில் நின்று பார்த்தேன். ட்ரோன் விட்டு மேலிருந்து படம் எடுக்கிறார்கள். குழி அப்படியே கம்ப்யூட்டரில் எழுந்து நிற்கிறது. காலையில் எப்படி இருந்தது, மதியம் எப்படி இருந்தது, எல்லாம் பதிவாகிவிடுகிறது. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் நான் செய்த காரியம் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் கொத்தனார். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் விசாவில் அபுதாபி போனேன். முஸஃபா என்ற இடத்தில் தொழிலாளர் கேம்ப். இரண்டு வருஷம் வில்லா கட்டினேன். ஒரு குளிர்காலத்தில் எங்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி ஒரு தீவுக்கு அனுப்பினார்கள். "மண் வேலை" என்று மட்டும் சொன்னார்கள். படகில் முக்கால் மணி நேரம். போய் இறங்கினால் வீடும் இல்லை, மரமும் இல்லை. மணல் மேடும், உப்புத் தரையும், நாலு கேபின்களும், ஒரு கூடாரமும். கையில் ஒரு பிரஷையும் கரண்டியையும் கொடுத்தார்கள். கரண்டி என் கொத்துக் கரண்டியில் பாதிகூட இல்லை. விளையாட்டுச் சாமானோ என்று நினைத்தேன்.

எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன் அந்தத் தீவில் ஒரு ஊர் இருந்திருக்கிறது. முத்துக் குளித்தவர்கள், மீன் பிடித்தவர்கள், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் வாழ்ந்த ஊர். ஒரு சின்னப் பள்ளிவாசல், ஒரு கிணற்றடி, நாற்பது ஐம்பது வீடுகள். அப்புறம் ஏதோ காரணத்தால் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மணல் மூடிவிட்டது. மூடிய மணலை எடுப்பதுதான் எங்கள் வேலை.

கற்றுக்கொள்ள ஒரு குளிர்காலம் ஆயிற்று. முளையடித்து நைலான் நூல் கட்டி ஐந்து மீட்டர் சதுரம் பிரிக்க வேண்டும். மண்ணைக் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும், குத்தக் கூடாது. மண் நிறம் மாறினால் கை நிற்க வேண்டும். நிறம் மாறிய இடத்துக்கு ஒரு எண். சுவருக்கு ஒரு எண். அடுப்புக்கு ஒரு எண். எடுத்த மண்ணெல்லாம் சல்லடையில் போக வேண்டும். பானை ஓடு ஒரு பையில், எலும்பு ஒரு பையில், உள்ளே சீட்டு. மனிதரைப் புதைத்த கபுறு தென்பட்டால் உடனே மூடிவிட வேண்டும். இதற்கு மேல் இரண்டு சட்டங்கள்: எடுக்காதே, நகர்த்தாதே. படம் வரையும் வரை, எண் போடும் வரை, ஒரு கல்லைக்கூடத் தன் இஷ்டத்துக்கு அசைக்கக் கூடாது. முதல் குளிர்காலத்திலேயே ஒருவன் கண்ணாடி மணி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கடுகை விடக் கொஞ்சம் பெரிது. அன்று மதியப் படகிலேயே அவன் போய்விட்டான். கம்பெனி அவனை ஊருக்கே அனுப்பிவிட்டது.

எங்கள் மேலாள் டாக்டர் பஷீர், சூடான் நாட்டுக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லி. குழிக்குள் இறங்கும்போது செருப்பைக் கழற்றி மேலே ஜோடியாக வைத்துவிட்டு இறங்குவார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைக்கிற நேரம் நீளும் அளவுக்குக் கோபம் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். அரபியும் இந்தியும் கொஞ்சம் இங்கிலீஷும் கலந்து பேசுவார். அவர் பேச்சையும் மற்றவர்கள் பேச்சையும் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்த சைட்டிலும் நான் அதைக் கண்டதில்லை. நாலரை மணிக்கு வேலை முடியும். கூடாரத்தில் டீ. அவரே கேனிலிருந்து கிளாஸில் ஊற்றித் தருவார். பிறகு பச்சை அட்டை போட்ட தடித்த நோட்டைத் திறந்து, ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பார்.

"இன்னைக்கு என்ன பார்த்தே?"

சொன்னதை அவனவன் பேர் போட்டு எழுதிக்கொள்வார். படித்தவன், படிக்காதவன் என்று கிடையாது. என்னோடு ஒரே குழியில் வேலை செய்தவன் ஷேர் அலி, பெஷாவர் பக்கத்துப் பட்டாணி. என்னை மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவான். அவன் ஒரு மீன் முள்ளுக்குக் கால் மணி நேரம் பேசுவான். என் முறை வரும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "மாஃபி, டாக்டர்" என்பேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். என் பேருக்கு எதிரே அவர் ஒரு கோடு போடுவார். அப்படி இரண்டு குளிர்காலம் கோடுதான்.

ஃபோர்மேன் மைதீன் காக்கா கீழக்கரைக்காரர். அந்தப் பக்கத்தில் மூத்தவர்களைக் காக்கா என்பார்கள். பட்டாணி, வங்காளி எல்லோருமே அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். "ஏன் தம்பி, காலையில வரும்போது கண்ணைக் கேம்ப்புல கழட்டி வச்சிட்டு வர்றியா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பார்க்காமல் இல்லை. கொத்தனார் கண்ணுக்குச் சுவர் தெரியாமல் போகுமா? கடல் பாறையைப் பலகை பலகையாகப் பெயர்த்து, ஜிப்சம் சாந்தில் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு வீட்டில் தரை முழுக்க வரப்பு வரப்பாக இருந்தது. ஈச்சம்பழ மூட்டைகளை அதன் மேல் அடுக்கினால் பாகு வடிந்து வாய்க்கால் வழியாக ஜாடிக்குள் இறங்குமாம். அந்த வாட்டத்தை நான் தூக்குக்குண்டு பார்க்கிற கண்ணால் பார்த்தேன். ஒரு சொட்டு தேங்காது. கட்டியவனின் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. அன்றும் "மாஃபி" என்றுதான் சொன்னேன்.

ஒரே ஒருமுறை வாய் தவறியது. அடி கறுத்த சமையல் சட்டி ஒன்று, விளிம்பு சிதையாமல் கிடைத்தது. டீ நேரத்தில் அதை மேஜையில் வைத்திருந்தார்கள். "இது எங்க ஊருச் சட்டி மாதிரியே இருக்கு காக்கா" என்று அவர் காதில் சொன்னேன். அவர் அதைக் கூட்டத்துக்கே சொல்லிவிட்டார்.

"உன் ஊரா?" என்று ஷேர் அலி எழுந்துவிட்டான். "எங்கம்மா இதுலதான் பருப்பு வேக வைப்பா. விளிம்பைப் பாரு மிஸ்திரி, இதே விளிம்பு."

"சும்மா கெட" என்றார் காக்கா. "கீழக்கரையில வந்து பாரு. மீன் ஆணம் வைக்க வீட்டுக்கு நாலு கெடக்கும்."

டாக்டர் சட்டியைத் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் இதுல மாவு காய்ச்சுவாங்க" என்றார்.

கொஞ்ச நேரம் ஒரே சத்தம். கடைசியில் டாக்டர் நோட்டை எடுத்தார். "மண்ணு இந்தியக் கரை மண்ணா இருக்கலாம். சமைச்சது யாருன்னு மண்ணு சொல்லாது. நான் சமையல் சட்டின்னு மட்டும் எழுதிக்கறேன். கலாஸ், முடிஞ்சுது."

மூன்றாவது குளிர்காலத்தில் எனக்கும் ஷேர் அலிக்கும் கிழக்கு ஓரத்தில் ஒரு குழி கொடுத்தார்கள். அங்கே ஒட்டி ஒட்டி இரண்டு வீடுகள் இருந்தன, நடுவில் ஒரே பொதுச்சுவர். மேற்கு வீட்டில் முற்றமும் கிணறும் இருந்தன. ஆட்டெலும்பும் மீன் முள்ளும் கூடை கூடையாக வந்தன. கிழக்கு வீட்டில் எலும்பே இல்லை. அம்மி மாதிரி ஒரு அரைக்கிற கல், அறுத்த சங்கு வளையல் துண்டுகள், அந்தக் கறுத்த சட்டிகள். டாக்டர் சொன்னது: மேற்கே இருந்தது இந்தத் தீவுக் குடும்பம், கிழக்கே இருந்தது கடல் தாண்டி வியாபாரத்துக்கு வந்து தங்கிய குடும்பம், மாமிசம் தொடாதவர்கள். இரண்டும் பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. கிழக்கு வீட்டில் கிணறு இல்லை. அப்படியானால் தண்ணீர் எங்கே எடுத்தார்கள்? இதுதான் அவரைக் குடைந்துகொண்டிருந்தது.

பொதுச்சுவரை ஒட்டி மேற்குப் பக்கம் ஒரு கல் குவியல் சரிந்து கிடந்தது. அதைப் படம் வரைந்து, எண் போட்டு, கற்களை எடுத்து ஓரத்தில் அடுக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் ஒரு புதன்கிழமை ஏதோ வேலையாகக் கரைக்குப் போனார்.

மறுநாள் வியாழன். கல்லை எடுத்த இடத்தில் மதியம்வரை சுரண்டினோம். சுவரில் ஒரு திறப்பு தெரிந்தது. இரண்டரை அடி அகலம், இரண்டு பக்கமும் வாசக்கல் மாதிரி நேர் ஓரம். கீழே எவ்வளவு போகிறது என்று தெரியவில்லை, மண் நிறைந்திருந்தது. ஷேர் அலி குனிந்து எட்டிப் பார்த்தான். "மிஸ்திரி, வாசல்டா!" என்றான்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் மாலைப் படகில் கேம்ப்புக்குப் போய்ச் சனிக்கிழமை காலை திரும்புவோம். ஷேர் அலி மண்பைகளைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போனான். தார்ப்பாய் கட்டுவதற்கு நான் பின்தங்கினேன். வடக்கிலிருந்து ஷமால் காற்று கிளம்பியிருந்தது. திறப்பின் இடது ஓரத்தில் மேல் மூன்று கல் சாந்து உதிர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கையால் தொட்டுப் பார்த்தேன், அசைந்தது. காற்றில் அது விழும். அது விழுந்தால் மேலே இருக்கிற கல் வரியும் வரும். சனிக்கிழமை அதன் கீழே உட்காரப் போகிறவன் ஷேர் அலி.

அதற்கப்புறம் நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. கை தானாக வேலை செய்தது. ஓரத்தில் அடுக்கிய கற்களை எடுத்தேன். பாட்டில் தண்ணீரில் மண் குழைத்தேன். திறப்புக்குள் வரி வரியாக வைத்து மேலே ஆடுகிற கல்லுக்கு முட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் நூல் பிடித்தேன். அந்தப் பழக்கம் யார் சொன்னாலும் போகாது. சதுரம் கட்ட வைத்திருந்த ஆரஞ்சு நைலான் நூல்தான். இரண்டாவது வரியில் நூல் கல்லுக்கடியில் சிக்கிக்கொண்டது. படகுக்காரன் ஹார்ன் அடித்தான். நூலை அறுத்துவிட்டேன். சந்துகளில் சில்லு வைத்து அடித்து, மண் பூசி, கையால் தடவிவிட்டேன். ஐந்து வரி. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தார்ப்பாயைக் கட்டிவிட்டு ஓடினேன்.

படகில் ஷேர் அலியிடம் சொன்னேன். "நல்லதுதானே" என்றான். "வந்து எடுத்துடலாம்."

சனிக்கிழமை படகு ஓடவில்லை. ஞாயிறும் ஓடவில்லை. திங்கள் போனபோது குழிகளில் பாதி மணல். எங்களுக்கு முன்பே டாக்டர் வந்து இறங்கியிருந்தார். எங்கள் தார்ப்பாய் கிழிந்து ஒரு முளையில் தொங்கியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பொதுச்சுவருக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் வைத்த சுவர் மேல் மூன்று நாள் மணல் அடித்துத் தேய்ந்து, ரொம்பப் பழசாகத் தெரிந்தது. ஓரத்தில் அடுக்கியிருந்த கற்கள் குறைந்ததை மணல் மூடியிருந்தது.

"பாருங்க" என்றார் எங்களைக் கண்டதும். "வாசல். அடைச்ச வாசல்."

சொல்ல வாய் திறந்தேன். அவர் பேசிக்கொண்டே போனார்.

"மத்த இடமெல்லாம் ஜிப்சம். இது மட்டும் வெறும் மண்ணு. வசதி குறைஞ்ச காலத்துல, அவசரமா வச்சிருக்காங்க. ஆனா வச்சவன் கை தேர்ந்தவன். வரி பாரு, எவ்வளவு நேரா போகுது."

எழுநூறு வருஷத்துக்கு முந்தின ஒருவனாக நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஷேர் அலி என் விலாவில் இடித்தான். மண் எடுக்கப் போகும்போது என் காதில் சொன்னான்: "உன் சுவரு இன்னும் எழுநூறு வருஷம் நிக்கும் மிஸ்திரி. வாயைத் திறந்தே, நாம ரெண்டு பேரும் நாளைக்கே படகுல. மணி எடுத்தவன் ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. என் விசா அந்த மார்ச்சோடு முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று கம்பெனி யோசித்துக்கொண்டிருந்தது. ஊரில் என் வீடு பாதி வேலையில், லிண்டல் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது, கொத்தனாரின் வீடு.

அன்று டீ நேரத்தில் கேட்டார். "ஸுபையா, என்ன பார்த்தே?" என் பேர் அவர் வாயில் அப்படித்தான் வரும்.

"மாஃபி, டாக்டர்."

கோடு போட்டார்.

அடுத்த இரண்டு வாரம் அந்தச் சுவரைக் கல் கல்லாக அளந்து வரைந்தார்கள். பென்சிலில் வரைந்து பிறகு மையில். டாக்டருக்குத் தண்ணீர்க் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. "இந்த வழியாத்தான் கிணத்துக்குப் போய் வந்திருக்காங்க. ரெண்டு வீடும் ஒரு தண்ணி குடிச்சிருக்கு. அப்புறம் ஏதோ நடந்திருக்கு. மேற்கு வீட்டுக்காரங்க அடைச்சுட்டாங்க. தண்ணி இல்லாம அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருக்காங்க." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர் நாட்டில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. "எங்கேயும் இப்படித்தான் முடியுது" என்று ஒருமுறை சொன்னார். புதன்கிழமை மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்றும், அவர்களுக்கு இந்த வாசலைக் காட்டி விளக்கப் போவதாகவும் சொன்னார்.

காக்காவிடம் மட்டும் தனியாக விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்தார்.

"அல்லாவே. வாயை மூடிக்கிட்டு இரு தம்பி. அடைச்சது நீயா இருந்தா என்ன, அந்தக் காலத்து ஆளா இருந்தா என்ன? செத்தவன் வந்து கேக்கப் போறானா, ஏன்டா எங்க வாசலை அடைச்சேன்னு?"

அது எனக்குச் சரி என்றுதான் பட்டது. இரண்டாவது வார விடுமுறைக்குக் கேம்ப்புக்குப் போகும் வரைக்கும்.

கேம்ப்பில் எங்கள் ரூமுக்கும் பட்டாணிகள் ரூமுக்கும் ஒரே சமையலறை. அந்த வருஷம் இந்தியா, பாகிஸ்தான் செய்திகளை வைத்து இரண்டு ரூமுக்கும் வாய்த்தகராறு வந்து, சமையலறையை நடுவில் ப்ளைவுட் வைத்துத் தடுத்திருந்தார்கள். தீவில் நானும் ஷேர் அலியும் ஒரே தட்டில் சாப்பிடுவோம். கேம்ப்பில் அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ரூமில் தச்சு வேலை செய்யும் சேகர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னான்:

"கேள்விப்பட்டியா? தீவுல எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்களுக்குக் கதவை அடைச்சு, தண்ணி குடுக்காம வெரட்டிட்டானுங்களாம். டாக்டரே கண்டுபிடிச்சிருக்காரு. இவனுங்க அப்பவே இப்படித்தான்."

ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. அங்கே ஷேர் அலி இருந்தான் என்று எனக்குத் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொல்லவில்லை.

அந்த மேற்கு வீட்டு ஆட்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் பேர் யாருக்கும் தெரியாது. ஆட்டுக்கறி தின்றார்கள், மீன் தின்றார்கள், கிணறு வெட்டினார்கள், பக்கத்து வீட்டுக்கு ஒரு வாசல் விட்டார்கள். அவர்கள் செய்யாத ஒரு காரியத்தை ஒரு மணி நேரத்தில் நான் செய்து அவர்கள் தலையில் கட்டிவிட்டேன். இல்லை என்று சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை.

சனிக்கிழமை மாலை டீ. டாக்டர் நோட்டைத் திறந்தார். ஷேர் அலி ஒரு கிளிஞ்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"ஸுபையா?"

கேட்கும்போதே கோடு போடப் பேனா கீழே இறங்கிவிட்டது.

"டாக்டர், அந்த அடைப்பு நான் வச்சது."

"என்ன?"

"அந்த வாசல். அடைச்சது நான்தான். புயலுக்கு முந்தின வியாழக்கிழமை."

காக்கா சட்டென்று அரபியில் ஏதோ சமாளித்தார். இவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்ற மாதிரி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கேம்ப்புல இதை வச்சுப் பேச்சு வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். அதை நிறுத்த வேணும்னு பொய் சொல்றியா? நல்ல எண்ணத்துல சொன்னாலும் பொய் எனக்கு வேணாம்."

"பொய் இல்ல டாக்டர். உள்ளே நூல் இருக்கு."

எல்லோரும் குழிக்குப் போனோம். அவர் செருப்பைக் கழற்றினார். அன்று நானும் கழற்றினேன். இரண்டாவது வரி, இடது ஓரம் என்று காட்டினேன். அவர் சின்னக் கத்தியால் மண்ணைச் சுரண்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு நுனி வந்தது. இழுத்தார். வரவில்லை, கல்லுக்கடியில் இருந்தது. இழுப்பதை விட்டுவிட்டு அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை.

"தினமும் கேட்டேனே, என்ன பார்த்தேன்னு."

"பயம், டாக்டர்."

"என்னைப் பார்த்தா?"

"பேசறதுக்கு."

ஷேர் அலி ஒரு அடி முன்னால் வந்தான். "நானும் பார்த்தேன் டாக்டர். எனக்குப் பேசப் பயமில்லை. நானும்தான் சொல்லல."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலையில பிரிக்கணும்" என்றார். "நீயே பிரி."

காலையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கி வைத்துவிட்டு எண் பலகையை நீட்டினார். 214. "உன் சுவரும் சுவருதான். நம்பர் இல்லாம எடுக்கக் கூடாது." பலகையைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்து, அளவுகோல் வைத்து, காலடித் தடத்தைப் பெருக்கி, போட்டோ எடுத்தார். பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி வரைந்தார். மேலே ஆடிய மூன்று கல்லை முதலில் பலகை கொடுத்து நிறுத்தினோம். அதை அன்றைக்கே அப்படிச் செய்திருக்கலாம். இரண்டாவது வரி வந்தபோது நூல் முழுசாக வந்தது, ஒரு முழம். அதையும் பையில் போட்டுச் சீட்டு எழுதினார்.

கடைசிக் கல்லும் போன பிறகு, அதற்கடியில் இருந்த மண்ணைச் சுரண்டினேன். அந்த மண்ணை யாரும் தொட்டதில்லை. ஒரு சாண் இறங்கியதும் படிக்கல் வந்தது.

அன்று மாலை நோட்டைத் திறந்தார். "ஸுபையா, என்ன பார்த்தே?"

"படிக்கல்லு தேஞ்சிருக்கு டாக்டர். நடுவுல என் கட்டைவிரல் ஒரு கணு அளவு குழி. ஒரு பக்கம் மட்டும் தேயல, ரெண்டு விளிம்பும் மழுங்கியிருக்கு. ரெண்டு வீட்டாளும் நடந்திருக்காங்க. கிழக்குப் பக்கம் படியை ஒட்டித் தரையில வட்டமா ஒரு பள்ளம் இருக்கு, குடம் வைக்கிற அளவு. படிக்கல்லுக்கு மேல மண்ணு அப்படியே மணலாத்தான் இருந்துச்சு. அந்தக் காலத்துல வச்ச கல்லு ஒண்ணுகூட அதுல இல்ல. காலி பண்ற நாள் வரைக்கும் வாசல் தெறந்துதான் இருந்திருக்கு."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. டாக்டர் அரைப் பக்கம் எழுதினார். மேலே என் பேர் போட்டார். காக்கா என் கிளாஸில் இன்னொரு முறை டீ ஊற்றினார்.

புதன்கிழமை மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். மையில் வரைந்த பழைய படத்தை டாக்டர் கிழிக்கவில்லை. அதையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடந்ததை அவரே சொன்னார். அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கும் முன் முடிவு கட்டியது தன் தவறு என்றும் சொன்னார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். நகர்த்தாதே என்றால் நகர்த்தாதே. அந்தப் பருவம் முடியும் வரை எங்கள் இரண்டு பேரையும் கேம்ப்புக்குத் திருப்பி அனுப்பும்படி ஆயிற்று. வியாழன் படகில் ஏறினோம்.

"இனிமே எங்க போனாலும் ஆடுற சுவரைக் கண்டா கையை அக்குள்ள வச்சுக்கோ" என்றான் ஷேர் அலி.

"நீ வாயை அக்குள்ள வச்சுக்கோ" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, படகு கரை சேரும் வரை சிரித்தான்.

கேம்ப்பில் படிக்கல்லைப் பற்றிச் சேகரிடம் சொன்னேன். "அப்படியா" என்றான். ப்ளைவுட் அப்படியேதான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கேட் பக்கம் இருந்த தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். கம்பெனிக்கு அந்தக் கோடையில் கொத்தனார் தேவைப்பட்டதால் என் விசா புதுப்பிக்கப்பட்டது. நவம்பரில் தீவுக்கான பட்டியல் வந்தபோது அதில் இரண்டு பேர் பேரும் இருந்தன. டாக்டர் கேட்டு வாங்கியதாகக் காக்கா சொன்னார். அதற்குப் பிறகு எட்டுக் குளிர்காலம் போனேன். என் பேருக்கு எதிரே கோடு விழவில்லை.

பல வருஷம் கழித்து அந்தத் தீவைப் பற்றிய அறிக்கை புத்தகமாக அச்சாகி வந்தது. இங்கிலீஷ். காக்கா விரல் வைத்துப் படித்துச் சொன்னார். கடைசிப் பக்கங்களில் சுவர்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எண், அளவு, என்ன கல், என்ன சாந்து, எந்தக் காலம், கட்டியவர். கட்டியவர் என்ற இடத்தில் எல்லாச் சுவருக்கும் 'தெரியாது' என்று போட்டிருந்தது. பள்ளிவாசலுக்கும் அப்படித்தான். அந்தப் பாகு வடிக்கிற வீட்டுக்கும் அப்படித்தான். 214-க்கு நேரே மட்டும் 'சுப்பையா, கொத்தனார்' என்று இருந்தது.

அந்தத் தீவில் கட்டியவன் பேர் தெரிந்த சுவர் அது ஒன்றுதான். பதினேழு நாள் நின்றது.